ஜாவா இல்லை, சேலம்! - ஜவ்வரிசி வந்த கதை

ஒயின் தயாரிக்கும் நாடுகளில் ஒரு பகுதி பெயர் வாங்கிவிட்டால் போதும், அங்கே முதலில் பிள்ளையார் சுழி போட்ட ஆள் யார் என்று தேடிப்பிடித்து எழுதி வைத்துவிடுவார்கள். தென்னாப்பிரிக்காவில் ஹெர்மானஸ் என்று ஒரு கடலோர ஊர் இருக்கிறது. அதன் பின்புறம் ஒரு பள்ளத்தாக்கு. 1975ல் டிம் ஹாமில்டன் ரஸ்ஸல் என்ற விளம்பரத் துறைக்காரர் அங்கே நிலம் வாங்கினார். கடல் காற்றில் குளிர்ந்து கிடக்கும் அந்த மண்ணில் உயர்ந்த ரக ஒயினுக்கான திராட்சை வரும் என்பது அவர் கணக்கு. ஆனால் எந்தப் பகுதியில் ஒயின் திராட்சை போடலாம் என்பதற்கு அப்போது ஒதுக்கீட்டு முறை இருந்தது. அந்தப் பள்ளத்தாக்குக்கு ஒதுக்கீடே கிடையாது! ரஸ்ஸலும், அவரிடம் ஒயின் தயாரிப்பாளராக இருந்த பீட்டர் ஃபின்லேசனும் விதிகளோடு மல்லுக்கட்டித்தான் தொழிலை நடத்தினார்கள். 1992ல் அந்த ஒதுக்கீட்டு முறையே ஒழிந்தது. இன்று அந்தப் பள்ளத்தாக்கின் வரலாறு என்றாலே இந்த இரண்டு பேரில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

இதற்கும் சேலம், நாமக்கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இங்கே கடல் இல்லை, குளிர் இல்லை, ஒயினும் இல்லை. (1937ல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்த மாவட்டமே சேலம்தான்!) ஆனால் கதை கிட்டத்தட்ட அதே கதை. ஒரு பொருள், அதற்கு ஏற்ற ஒரு மண், குறுக்கே ஒரு அரசாங்க உத்தரவு, விடாப்பிடியாக நின்ற ஒரு மனிதர். பொருள் ஜவ்வரிசி. மனிதர் சேலம் மாணிக்கம் செட்டியார்.

பாயசத்தில் மிதக்கும் ஜவ்வரிசியைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அது எந்தச் செடியில் காய்க்கிறது என்று கேட்டால்தான் பல பேர் விழிப்பார்கள். எந்தச் செடியிலும் காய்ப்பதில்லை. அசல் 'சேகோ' என்பது தென்கிழக்கு ஆசியாவில் வளரும் ஒரு வகைப் பனைமரத்தின் தண்டுக்குள் இருக்கும் சோற்றில் இருந்து எடுக்கும் மாவு. மலாய் மொழியில் அதற்கு 'சாகு' என்று பெயர். அந்த மாவை உருட்டி, உலர்த்தி, சின்னச் சின்ன மணிகளாக்கிக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். ஜாவா பக்கம் இருந்து வந்த அரிசி மாதிரியான பொருள் என்பதால் தமிழில் ஜவ்வரிசி ஆனது என்பார்கள்.

காலப்போக்கில் பனைமரத்தின் இடத்தை மரவள்ளிக் கிழங்கு பிடித்துக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டிலேயே மலாக்கா பக்கம் சீனத் தோட்டக்காரர்கள் மரவள்ளி பயிரிட்டு, அதன் மாவில் மணி உருட்டி ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார்கள். மரவள்ளியின் சொந்த ஊரும் ஆசியா இல்லை, தென் அமெரிக்கா. போர்ச்சுக்கீசியர்கள் மூலமாக நம் பக்கம் வந்தது. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சத்துக்கு உதவும் என்று அதைப் பயிரிடச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். மலையாளிகளுக்குக் கப்பக்கிழங்கு சோற்றுக்கு இணையானது அப்படித்தான்.

ஆக, இரண்டாம் உலகப்போர் வரைக்கும் நிலவரம் இதுதான். கிழங்கு கேரளாவில் கொட்டிக் கிடக்கிறது. ஜவ்வரிசியோ சிங்கப்பூர், மலேயாவில் இருந்து கப்பலில் வருகிறது. துணி ஆலைகளுக்கு வேண்டிய ஸ்டார்ச் மாவும் வெளிநாட்டுச் சரக்குதான். நடுவில் இருக்கும் சேலத்துக்கு இந்த இரண்டிலும் எந்த வேலையும் இல்லை.

1941 டிசம்பரில் ஜப்பான் மலேயாவுக்குள் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. அதோடு அந்தப் பக்கத்துக் கப்பல்கள் நின்றன. பர்மா அரிசியும் நின்றது. ஜவ்வரிசி மாதிரியான சின்னச் சரக்கைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரம் இல்லை. ஆனால் வியாபாரிகளுக்கு ஒரு மூக்கு உண்டு அல்லவா? சந்தையில் ஒரு சரக்கு காணாமல் போனால், அந்த இடத்தில் வேறு எதை வைக்கலாம் என்று அது மோப்பம் பிடிக்க ஆரம்பித்துவிடும்.

மாணிக்கம் செட்டியார் மீன் வியாபாரம் செய்துவந்தவர். அந்த வேலையாக அடிக்கடி கேரளாவுக்குப் போய் வருவார். போன இடத்தில் மரவள்ளி மாவைப் பார்த்தார். அமெரிக்காவில் இருந்து வந்துகொண்டிருந்த மக்காச்சோள மாவு போரால் தட்டுப்பாடாகிக் கிடந்த நேரம் அது. அதற்கு இந்த மாவு நல்ல மாற்று என்று அவருக்குத் தோன்றியது. மாவை வாங்கிக் கொண்டுவந்து விற்க ஆரம்பித்தார். இதுவரைக்கும் இது சாதாரண வியாபாரம்தான். ஒரு இடத்தில் மலிவாகக் கிடைப்பதை இன்னொரு இடத்தில் விற்பது. அவரைப் போல வேறு சிலரும் செய்திருக்கக்கூடிய வேலை.

கதை திரும்புவது 1943ல். பினாங்கில் இருந்து வந்த போபட்லால் ஷா என்பவரைச் செட்டியார் சந்தித்தார். மாவில் இருந்து ஜவ்வரிசி உருட்டும் முறை ஷாவுக்குத் தெரியும். ஒருவரிடம் மாவும் சந்தையும் இருக்கிறது, இன்னொருவரிடம் தொழில்முறை இருக்கிறது. வேறு என்ன வேண்டும்? இரண்டு பேரும் சேர்ந்து சேலத்தில் ஜவ்வரிசி தயாரிக்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் காலத்து 'ஆலை' என்றதும் புகைபோக்கி, கட்டடம் என்று எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஈரமாவைத் துணித் தொட்டிலில் போட்டுக் குலுக்கவேண்டும். குலுக்கக் குலுக்க மாவு ஒன்றோடு ஒன்று ஒட்டி மணி மணியாகத் திரளும். அதைச் சலித்து, சூடான தட்டில் போட்டு வறுத்தால் மேல்பக்கம் வெந்து இறுகும். பிறகு வெயிலில் காயவைக்க வேண்டும். எல்லாம் கைவேலை. இப்படிச் செய்து நாளொன்றுக்கு 100 கிலோ மூட்டையில் 2 மூட்டை எடுப்பதே பெரிய பாடு.

இங்கே மூன்றாவதாக ஒரு ஆள் வருகிறார். வெங்கடாசலக் கவுண்டர், மெக்கானிக். கிழங்கை அரைப்பது, பாலை வடிப்பது, மணியைத் திரட்டுவது என்று ஒவ்வொரு வேலைக்கும் கருவிகளையும் முறைகளையும் மாற்றி அமைத்தவர் இவர். வெளிநாட்டில் இருந்து இயந்திரம் தருவிக்க வழியே இல்லாத போர்க்காலத்தில், உள்ளூர்ப் பட்டறையில் என்ன கிடைக்கிறதோ அதை வைத்துச் செய்தார். 2 மூட்டை என்பது 25 மூட்டை ஆனது. ஷா இல்லாவிட்டால் சேலத்துக்கு இந்தத் தொழில் வந்தே இருக்காது. ஆனால் கவுண்டர் இல்லாவிட்டால் அது ஒரு குடிசைத் தொழிலாக இருந்து, போர் முடிந்ததும் செத்துப் போயிருக்கும். சேலம், நாமக்கல்லில் பிறகு முளைத்த ஆலைகளை எல்லாம் பெரிய கம்பெனிகள் கட்டவில்லை. விவசாயிகளும் சிறு வியாபாரிகளும்தான் கட்டினார்கள். உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யக்கூடிய, பழுதானால் உள்ளூர் ஆளே சரி பார்க்கக்கூடிய இயந்திரங்கள் இருந்ததால்தான் அது முடிந்தது. செட்டியாரின் பெயர் தெரிந்தவர்களில்கூடப் பாதிப் பேருக்குக் கவுண்டரின் பெயர் தெரியாது என்பது கொஞ்சம் அநியாயம்தான்.

சரி, வில்லன் எப்போது வருவான்? 1944ல் வந்தான். அவனையும் வில்லன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது.

1943ல் வங்காளத்தில் லட்சக்கணக்கான பேர் பட்டினியால் செத்தார்கள். நாடு முழுக்க உணவுத் தட்டுப்பாடு. மரவள்ளிக் கிழங்கு என்பது ஏழைகள் அவித்துச் சாப்பிட்டு உயிர் பிழைக்கும் பொருள். அதை அரைத்து மாவாக்கி, மணியாக்கி, வெளியூருக்கு விற்பதா? சேலம் கலெக்டர் தடை போட்டார். மரவள்ளியில் இருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் தயாரிக்கக்கூடாது, மாவட்டத்துக்கு வெளியே விற்கவும் கூடாது என்று உத்தரவு. (அப்போது நாமக்கல்லும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1997ல்தான்.)

ஒரு கலெக்டரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் இந்த உத்தரவில் நியாயம் இருக்கிறது. பஞ்சக் காலத்தில் கிழங்கு வயிற்றுக்குப் போகவேண்டுமா, தொழிற்சாலைக்குப் போகவேண்டுமா என்று கேட்டால் யாராக இருந்தாலும் வயிற்றுக்கு என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஜவ்வரிசியும் வயிற்றுக்குத்தானே போகிறது? கிழங்கைப் பிடுங்கினால் இரண்டு மூன்று நாளில் கறுத்துக் கெட்டுப்போகும். ஜவ்வரிசி ஆக்கிவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும், மூட்டை கட்டி எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். ஒரு வருஷம்கூட நிறையாத தொழில், அத்தோடு மூட்டை கட்டியிருக்க வேண்டியது. தயாரிப்பாளர்கள் சென்னையில் இருந்த சிவில் சப்ளைஸ் கமிஷனரிடம் முறையிட்டு, கலெக்டரின் உத்தரவுக்கு எதிராக உத்தரவு வாங்கி வந்தார்கள். 1945ல் உற்பத்தி மறுபடியும் நன்றாக ஏறியது.

அடுத்த கண்டம் சமாதானத்தால் வந்தது. போர் முடிந்தது, கப்பல்கள் ஓட ஆரம்பித்தன. வெளிநாட்டு ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் மறுபடி இறங்கின. பல வருஷ அனுபவம் உள்ள மலேயா சரக்கு எங்கே, நேற்று முளைத்த சேலம் சரக்கு எங்கே? போர்க்காலத்தில் பிறந்த பல தொழில்கள் இப்படித்தான் போர் முடிந்ததும் படுத்துவிட்டன. சேலத்துக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு, உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்றுங்கள் என்று அரசாங்கத்தின் கதவைத் தட்டினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் கைகொடுத்தன. வணிகவியல் படிக்கிறவர்கள் 'இறக்குமதிக்கு மாற்று' என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்வார்களே, அதற்கு உருக்காலையையும் உர ஆலையையும் மட்டும் உதாரணம் எழுத வேண்டியதில்லை. ஜவ்வரிசியையும் எழுதலாம்.

செட்டியாரின் உண்மையான பங்கு எது என்று கேட்டால், முதல் மூட்டை ஜவ்வரிசியைத் தயாரித்தது இல்லை. அதை ஷாவே எங்காவது தனியாகச் செய்திருக்க முடியும். தடை வந்தபோதும், போட்டி வந்தபோதும் சந்தையை விட்டு வெளியே போகாமல் தொழிலை நிறுத்திப் பிடித்ததுதான் முக்கியம். சரக்கு விற்கும் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் அக்கம்பக்கத்து விவசாயிகள் மரவள்ளி நட ஆரம்பித்தார்கள். கேரளாவில் இருந்து மாவு வந்த காலம் போய், கிழங்கே இந்த மண்ணில் விளைந்தது.

ஏன் சேலம்? கிழங்கு கொட்டிக் கிடந்த கேரளாவிலேயே இந்தத் தொழில் ஏன் வளரவில்லை?

ஒரு காரணம், அங்கே கிழங்கைச் சாப்பிட்டுவிடுவார்கள். இன்னொரு காரணம், வெயில். ஜவ்வரிசித் தொழிலில் பாதி வேலையைச் சூரியன்தான் செய்கிறது. அரைத்த மாவும் காயவேண்டும், வறுத்த மணியும் காயவேண்டும். கேரளா மழைக்கு அது ஒத்துவராது. இந்தச் சமவெளியிலோ மழை முடிந்தால் மாதக்கணக்கில் வானம் பளிச்சென்று இருக்கும். ஆத்தூர், ராசிபுரம் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் சிமெண்ட் களங்களில் வெள்ளை வெளேரென்று மாவு பரப்பிக் கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். ஹெர்மானஸுக்குக் கடல் காற்று எப்படியோ, சேலத்துக்கு வெயில் அப்படி!

மரவள்ளியும் வறட்சியைத் தாங்கும் பயிர். செம்மண்ணில் நன்றாகக் கிழங்கு வைக்கும். ஒன்பது பத்து மாதத்தில் அறுவடை. திருவனந்தபுரத்தில் 1963ல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971ல் எச்-226, எச்-165 என்ற ஒட்டு ரகங்களை வெளியிட்டது. அவை பிறந்தது கேரளாவில் என்றாலும் பேர் வாங்கியது தமிழ்நாட்டு வயல்களில்தான். இவற்றோடு முள்ளுவாடி, குங்கும ரோஸ் என்று அழகழகான பெயர்களில் வேறு ரகங்களும் உண்டு. பாசனம் கொடுத்து வளர்க்கும் தமிழ்நாட்டு மரவள்ளியின் விளைச்சல் உலகச் சராசரியைப் போலப் பல மடங்கு. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் இந்தப் பயிருக்கென்றே (ஆமணக்கோடு சேர்த்து) வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இவ்வளவு ஜவ்வரிசியையும் சாப்பிடுவது யார்? இதுதான் வேடிக்கை. தமிழ்நாட்டில் பாயசத்துக்கும் வடகத்துக்கும் கைப்பிடி கைப்பிடியாகத்தான் செலவாகும். பெரும்பகுதி போவது வடக்கே. மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் ஏகாதசி, நவராத்திரி விரதம் என்றால் தானியம் சாப்பிடமாட்டார்கள். சாபுதானா கிச்சடி, சாபுதானா வடைதான். வங்காளத்தில் காய்ச்சல்காரர்களுக்கும் குழந்தைகளுக்கும் சாபு. தென் அமெரிக்கக் கிழங்கு, பினாங்கு தொழில்முறை, சேலம் வெயில்... எல்லாம் சேர்ந்து புனேவில் ஒரு பாட்டியின் விரதத்தைக் காப்பாற்றுகிறது.

பனைமரத்தில் இருந்து வராதது எப்படி சேகோ ஆகும் என்ற கேள்வியும் இருக்கத்தான் செய்தது. இந்திய உணவுத் தரச் சட்டம் அதற்குத் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டது. சேகோ பனையின் மாவில் செய்தாலும், மரவள்ளிக் கிழங்கின் மாவில் செய்தாலும் அது சேகோதான். நிறமோ வேறு பொருளோ சேர்க்கக்கூடாது, அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' என்பதில்தான் பின்னால் பிரச்சினை வந்தது. மரவள்ளி மாவு இயற்கையில் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். வாங்குகிறவர்கள் பால் மாதிரி வெள்ளையாகக் கேட்டார்கள். வெள்ளையாக இருந்தால் விலை அதிகம் என்றதும் சிலர் வெளுப்பதற்கு ரசாயனத்தைக் கலந்தார்கள். மரவள்ளி விலை ஏறும்போது மலிவான மக்காச்சோள மாவைக் கலப்பதும் நடந்தது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனை, சீல் வைப்பு என்று 2010களில் சேலம் பக்கத்துச் செய்தித்தாள்களில் இது அடிக்கடி வந்தது. கழிவுநீர் இன்னொரு தலைவலி. கிழங்கு கழுவவும் மாவைப் பிரிக்கவும் ஏகப்பட்ட தண்ணீர் வேண்டும். அது வெளியே வரும்போது புளித்த நாற்றத்தோடு வரும். ஓடையில் விட்டால் பக்கத்துக் கிணறுகள் கெடும். இதற்கு ஒரு நல்ல வழியும் பிறந்தது. பல ஆலைகள் அந்தக் கழிவுநீரை மூடிய தொட்டியில் விட்டு, எரிவாயு எடுத்து, அதில் ஆலைக்கு மின்சாரம் தயாரிக்கின்றன. சக்கை இருக்கிறதே, 'திப்பி' என்பார்கள், அதுவும் வீண் இல்லை. காய்ந்ததும் மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது.

பணக் கணக்குக்கு வருவோம். ஆலைகள் பெருகியதும், தயாரிப்பாளர்களை ஆட்டிவைத்தது வியாபாரிகளும் தரகர்களும்தான். சரக்கைத் தேக்கி வைக்கக் கிடங்கு கிடையாது, கையில் பணம் கிடையாது. அறுவடைக் காலத்தில் எல்லா ஆலையும் ஒரே நேரத்தில் ஓடும். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வந்தால் விலை என்ன ஆகும்? வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போகவேண்டியதுதான். இதை மாற்றத்தான் 1981ல் 'சேகோசர்வ்' கூட்டுறவு சங்கம் சேலத்தில் பதிவானது. ஆலைக்காரர்கள் உறுப்பினர்கள். சரக்கைச் சங்கத்தின் கிடங்கில் போட்டு அதன் மேல் முன்பணம் வாங்கலாம். விற்பனை இரகசிய டெண்டர் முறையில். வியாபாரி மாதிரியைப் பார்த்துத் தன் விலையை எழுதிப் போடவேண்டும். பக்கத்து ஆள் என்ன எழுதினான் என்பது தெரியாது. விலை பிடிக்கவில்லை என்றால் ஆலைக்காரர் சரக்கைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம். 1943ல் செட்டியார் தனி ஆளாகச் செய்த சந்தை வேலையை ஒரு நிறுவனம் செய்ய ஆரம்பித்தது என்று சொல்லலாம்.

ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. சங்கத்தில் உறுப்பினராக இருப்பது ஆலைக்காரர், கிழங்கு போடும் விவசாயி இல்லை. விவசாயிக்கு விலை 'பாயிண்ட்' கணக்கில். கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறதோ அத்தனை பாயிண்ட், ஒரு பாயிண்ட்டுக்கு இத்தனை ரூபாய். அளந்து பார்ப்பது ஆலையில். பிடுங்கிய கிழங்கை வைத்துக்கொண்டு நல்ல விலை வரட்டும் என்று காத்திருக்க முடியாது. கிழங்கு கெட்டுப்போகும். கிடங்கில் மூட்டையை வைத்துக்கொண்டு காத்திருக்க ஆலைக்காரருக்கு வழி கிடைத்தது. வயலில் இருக்கிறவருக்கு அந்த வழி கிடைக்கவில்லை. ஒவ்வொரு அறுவடைக்கும் கிழங்கு விலைக்காக முத்தரப்புப் பேச்சுவார்த்தை, மனு, ஆர்ப்பாட்டம் என்று நடப்பது இதனால்தான்.

2020ல் மரவள்ளி மாவுப்பூச்சி என்ற புது எதிரி கேரளா வழியாக இந்த வயல்களுக்கு வந்து சேர்ந்தது. நுனிக் குருத்து சுருண்டு, செடியே குட்டையாகிப் போனது. 1970களில் இதே பூச்சி ஆப்பிரிக்காவைப் படாதபாடு படுத்தியபோது, தென் அமெரிக்காவில் இருந்து ஒரு சின்னஞ்சிறு குளவியைக் கொண்டுபோய் விட்டுத்தான் அடக்கினார்கள். அந்தக் குளவியை இந்திய விஞ்ஞானிகள் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இருந்து தருவித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் வைத்து வெளியிட்டார்கள்.

2023ல் 'சேலம் ஜவ்வரிசி'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விண்ணப்பித்தது சேகோசர்வ். எங்கிருந்தோ வந்த கிழங்கு, யாரோ சொல்லிக்கொடுத்த முறை என்று இருந்த ஒரு பொருள், 80 வருஷத்தில் சட்டப்படி ஒரு ஊரின் சொத்தாகிவிட்டது. பாக்கெட்டின் மேல் இப்போது சேலத்தின் பெயர் வரலாம். ஷாவின் பெயரோ கவுண்டரின் பெயரோ வரப்போவதில்லை. பாயிண்ட்டுக்கு எவ்வளவு என்று கேட்டபடி ஆலை வாசலில் டிராக்டரோடு நிற்கிறவருக்கு இந்தக் குறியீட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கும் இன்னும் பதில் வரவில்லை.